பொலிகிடாவை எதை வைத்து நம்புவது?

ஆடி முதல் வாரத்தில் பொலிகிடாவை, அதாவது பெட்டைகளைச் சினையாக்க வைத்திருக்கும் ஆண் ஆட்டை, பட்டிக்குள் விட்டால் மார்கழி முதல் வாரத்தில் குட்டி விழத் தொடங்க வேண்டும். 150 நாள் கணக்கு. எங்கள் பட்டியில் அப்போது 34 பெட்டை ஆடுகள். எல்லாம் மேச்சேரி இனச் செம்மறிகள். மார்கழி முழுவதும் ஏழு ஆடுகள் ஈன்றன, தையில் இன்னும் நான்கு. மற்றவை ஒட்டிய வயிற்றோடு கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. கிடாவைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அகன்ற நெஞ்சு, நேரான முதுகு, பளபளக்கும் செம்பழுப்புத் தோல். சந்தையில் அதை விலை பேசியபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நல்ல உருப்படி என்றுதான் சொன்னார்கள். பட்டியில் அது வேலை செய்யாமலும் இல்லை. பெட்டைகளை விரட்டி ஏறியதை நானே பார்த்திருக்கிறேன்.

தை கடைசியில் கால்நடை மருத்துவர் வந்தார். கிடாவை நிற்க வைத்து, பின்புறம் குந்தி, விதைப்பையை இரண்டு கைகளாலும் தடவினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "இங்கே கை வையுங்கள்" என்று என் விரலைப் பிடித்து இடது விதையின் அடியில் வைத்தார். எலுமிச்சங்காய் அளவில், காய்போலக் கெட்டியாக ஒரு வீக்கம். வலது பக்கத்தில் அதே இடத்தில் இருந்த குமிழ் சிறியதாக, அழுத்தினால் அமுங்கி எழுவதாக இருந்தது. ஏழு மாதமாக என் பட்டியில் கட்டியிருந்த கிடா அது. தினமும் தீவனம் வைத்த கை என் கை. அந்த இடத்தை ஒரு முறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கிடாவின் பொலிதிறனைச் சோதிக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்டும் படித்தும் செய்தும் பார்த்துவருகிறேன். 30 முதல் 50 உருப்படி வரை வைத்து, ஒன்றோ இரண்டோ கிடாக்களை நம்பியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்காக அந்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். ஒப்பிடும்போது ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொள்கிறேன்: குறை இருந்தால் அது எந்த நாளில் நமக்குத் தெரியவரும்? கையால் தடவினால் அன்றே தெரியும். குட்டி விழும் வரை காத்திருந்தால் 150 நாள் கழித்துத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இழப்பது ஒரு முழு ஈற்று. இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று என்று திட்டமிட்டு ஆடு வளர்ப்பவருக்கு அந்தத் திட்டமே அதோடு போய்விடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியோடு மலடான கிடா அரிது. அது பட்டிக்கு வந்தாலும் நாமே சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவோம், ஏனென்றால் ஓர் ஆடும் சினைப்படாது. ஆபத்து அரைகுறைக் கிடாவில்தான் இருக்கிறது. அது பத்து ஆடுகளைச் சினையாக்கும், இருபதை விட்டுவிடும். நாம் பெட்டைகளைக் குறை சொல்வோம், மேய்ச்சலைக் குறை சொல்வோம், மழையைக் குறை சொல்வோம். பெட்டை ஒன்று பழுதானால் ஒரு குட்டி நட்டம். கிடா பழுதானால் பட்டி முழுவதும் நட்டம்.

தோற்றத்தை வைத்து முடிவு செய்வது

நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான். என் பெரியப்பா கிடாவை நடக்கவிட்டுப் பின்னாலேயே போவார். பின்னங்கால் எப்படி விழுகிறது, குளம்பு விரிந்திருக்கிறதா, முழங்கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அதில் முழு நியாயம் இருக்கிறது. ஏறும்போது கிடாவின் எடை முழுவதும் பின்னங்கால்களில்தான் நிற்கிறது. வலி இருந்தால் ஏறாது, ஏறினாலும் முடிக்காது. வயது தெரிய வாயைத் திறந்து பல் பார்ப்பதும் அவசியம். இரண்டு பல் போட்ட கிடாவுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆடுகளைக் கொடுத்து வேலைக்குப் பழக்கலாம். நான்கு, ஆறு பல் கிடாதான் 25 முதல் 30 பெட்டைகள் வரை தாங்கும். பல் தேய்ந்த கிடா மேய்ச்சலில் வயிறு நிரப்ப முடியாமல் பொலி காலத்தில் சட்டென்று இளைத்துவிடும்.

ஆனால் தோற்றத்துக்கு எட்டாதது விதையும் விந்தும். சந்தையில் விலை பேசப்படுவது கறியின் எடை. நெஞ்சு அகலத்துக்கும் தொடைச் சதைக்கும் விந்தணுவின் தரத்துக்கும் நேரான தொடர்பு கிடையாது. மாறாக, அடர்தீவனம் போட்டு அளவுக்கு மீறிக் கொழுக்க வைத்த கிடாவுக்கு விதைப்பையின் கழுத்தில் கொழுப்புப் படிகிறது. விதை உடம்புச் சூட்டைவிட நான்கைந்து டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். அதற்காகத்தான் அது உடலுக்கு வெளியே தொங்குகிறது. வெயிலில் இறங்குவதும் குளிரில் ஏறுவதும் அதற்காகத்தான். கழுத்தில் கொழுப்பு மூடிவிட்டால் அந்தக் குளிர்ச்சி கெடும். நான் ஏமாந்த கிடாவுக்கு இதுவும் ஒரு குறையாக இருந்தது. பளபளப்பு என்று நான் பார்த்ததில் பாதி, விற்பனைக்காக ஏற்றிய கொழுப்பு.

நடை, பல், கண், உடல்வாகு இவை சரியில்லாத கிடாவைக் கழிக்கத் தோற்றம் போதும். சரியாக இருக்கும் கிடாவைத் தேர்ந்தெடுக்க அது போதாது.

கையும் நாடாவும்

எல்லா வழிகளிலும் செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது இதுதான் என்பது என் முடிவு. தேவைப்படுவது ஒரு தையல் நாடாவும் கிடாவைப் பிடிக்க ஓர் ஆளும்தான்.

கிடாவை நிற்க வைத்துப் பின்புறமிருந்து பார்க்க வேண்டும். கீழே போட்டுப் புரட்டினால் விதை உள்ளே ஏறிக்கொள்ளும். இரண்டு விதைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தக் கிடாவை வேறு எதற்காகவும் வைத்துக்கொள்ளலாம், பொலிக்கு வைக்கக் கூடாது. ஒற்றை விதையிலும் சினைபிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் விதை இறங்காத குறை பரம்பரையாக வரக்கூடியது. அந்தக் கிடாவின் குட்டிகளிலும் தலைகாட்டும்.

பிறகு தடவல். விரல்களை விதையின் மேல் மெதுவாக ஓட்டி மூன்று விஷயங்களைக் கவனிக்கிறேன். முதலாவது, விதையின் இறுக்கம். செங்காய்ப் பருவத்துக் கொய்யாவை அழுத்தினால் எப்படிக் கெட்டியாக இருந்தும் லேசாக இடம் கொடுக்குமோ அப்படி இருக்க வேண்டும். கல்போல இருந்தாலும் பழம்போலக் குழைந்தாலும் சரியில்லை. இரண்டாவது, விதை பைக்குள் வழுக்கி அசைய வேண்டும். பையோடு ஒட்டியிருந்தால் எப்போதோ அழற்சி வந்து ஆறியிருக்கிறது என்று பொருள். மூன்றாவதுதான் நான் தவறவிட்டது: விதையின் அடிமுனையில் இருக்கும் குமிழ். விதையில் உருவான விந்தணுக்கள் முதிர்ந்து, வெளியேறும் வரை தங்கும் கிடங்கு அது. ஓய்வில் இருக்கும் நல்ல கிடாவுக்கு அந்தக் குமிழ் நிறைந்து திரண்டு இருக்கும். அதில் வீக்கம், கட்டி, சூடு, வலி எது தென்பட்டாலும் கிடாவை அன்றே தனியாகக் கட்ட வேண்டும். அழற்சி வந்த குமிழில் வழி அடைபட்டுவிட்டால் விதை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பயனில்லை.

அளவெடுப்பது எளிது. ஒரு கையால் விதைப்பையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து இரண்டு விதைகளையும் மெல்லக் கீழே தள்ள வேண்டும். சுருக்கம் நீங்கிப் பை விம்மி நிற்கும். அகலமான இடத்தில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். நாடா தோலில் பதியலாம், விதையைப் பிசையக் கூடாது. சுற்றளவு கூடினால் விந்தணு உருவாக்கும் திசு கூடுதலாக இருக்கிறது என்று பொருள். மாடுகளில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது: விதைச் சுற்றளவு அதிகமுள்ள காளைகளின் பெண் கன்றுகள் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன என்பது ஆய்வுகளில் பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. ஆண்பிள்ளையின் அளவில் பெண்பிள்ளையின் பருவமும் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் அளவுகள் வெளிநாட்டுப் பெரிய இனங்களுக்கு வகுத்தவை. அவற்றில் வளர்ந்த செம்மறிக்கிடாவுக்கு 33 செ.மீ. வரை கேட்பார்கள். நம் மேச்சேரி, கீழக்கரிசல் இனங்களுக்கு உடம்பே அதைவிடச் சிறியது. அந்த எண்ணைக் கொண்டு நம் கிடாவைக் கழித்தால் நல்ல கிடாவை இழப்போம். நான் செய்வது இரண்டு ஒப்பீடுகள். ஒரே வயதுள்ள கிடாக்குட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சிறியதைக் கழிக்கிறேன். ஒரே கிடாவை அதன் போன ஆண்டு அளவோடு ஒப்பிடுகிறேன். அளவு சுருங்கியிருந்தால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. தீவனக் குறைவோ காய்ச்சலோ காரணமாக இருக்கலாம். அதைத் தேட வேண்டும்.

கைச் சோதனை காட்டாதவையும் உண்டு. விதை நன்றாக இருந்து விந்து கெட்டிருக்கலாம். விந்து நன்றாக இருந்து கிடாவுக்கு ஆர்வமே இல்லாமலும் இருக்கலாம். ஆண் குட்டிகளோடு மட்டுமே அடைத்து வளர்த்த கிடாக்களில் சில, பெட்டைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

நுண்ணோக்கியில் தெரிவது

விந்துப் பரிசோதனையை ஒருமுறை நேரில் பார்த்தேன். மருத்துவர் மின்முனைக் கருவியால் விந்தைச் சேகரித்தார். பழக்கப்படுத்திய கிடாவாக இருந்தால் வெந்நீர் நிரப்பிய ரப்பர் உறையிலேயே எடுத்துவிடலாம். பட்டிக் கிடாவுக்கு அந்தப் பழக்கம் இராது. குழாயின் அடியில் ஒரு மில்லிலிட்டர் இருக்கும், பாலேடு நிறத்தில் கெட்டியாக. செம்மறிக்கு இவ்வளவுதான் வரும். காளைக்கு ஐந்தாறு மில்லி வந்தாலும் அது நீர்த்திருக்கும். நல்ல கிடாவின் அந்த ஒரு மில்லியில் 200 கோடி முதல் 400 கோடி வரை விந்தணுக்கள் இருக்கும் என்றார். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்து நுண்ணோக்கியில் காட்டினார். தனித்தனி அணுக்கள் தெரியவில்லை. கரும்படலம் ஒன்று அலை அலையாகப் புரண்டது, ஏரிக்கரையில் சுழற்காற்றில் மணல் எழுந்து சுருள்வது போல. பூச்சியத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள் என்றும் இது நான்குக்கு மேல் என்றும் சொன்னார். பிறகு சாயம் கலந்து, பெரிதாக்கி, வால் சுருண்டவை எத்தனை, தலை கழன்றவை எத்தனை என்று எண்ணினார்.

காளைகளுக்கு அமெரிக்கக் கால்நடை இனப்பெருக்க மருத்துவர்களின் சங்கம் வகுத்த குறைந்தபட்ச அளவுகோல் பல நாடுகளில் புழங்குகிறது. விந்தணுக்களில் 30 விழுக்காடாவது முன்னோக்கி நீந்த வேண்டும், 70 விழுக்காடாவது சரியான வடிவத்தில் இருக்க வேண்டும், இரண்டு வயதைத் தாண்டிய காளைக்கு விதைச் சுற்றளவு 34 செ.மீ. இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விந்தை மட்டும் வைத்து எந்தக் காளையையும் தேர்ச்சி பெற்றதாகச் சொல்வதில்லை.

விந்துப் பரிசோதனையின் பலம், மற்ற எந்த வழியாலும் காண முடியாததைக் காட்டுவது. அதன் பலவீனம், அது ஒரு நாளின் படம் மட்டுமே என்பது. இரண்டு மாதம் சும்மா இருந்த கிடாவின் முதல் விந்தில் செத்த அணுக்கள் நிறைய இருக்கும். அதை வைத்துக் கழித்துவிடக் கூடாது. குளிர்ந்த கண்ணாடித் தகட்டில் துளியை வைத்தாலே ஓட்டம் நின்றுவிடும். தகடு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். பட்டியில் வைத்துச் சோதிக்கும்போது இந்தப் பிழை எளிதில் நேரும். ஒரு முடிவு மோசமாக வந்தால் சில நாள் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இங்கேதான் நாள் கணக்கு முக்கியமாகிறது. செம்மறிக்கிடாவில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 49 நாள், குமிழில் முதிர்ந்து தயாராக இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். ஆகமொத்தம் இரண்டு மாதம். இன்று வெளிவரும் விந்து இரண்டு மாதத்துக்கு முந்தைய உடம்பில் வேர்விட்டது. கிடாவுக்கு சித்திரையில் காய்ச்சல் வந்து தணிந்திருந்தால் ஆனியில் பார்க்கும்போது கிடா துள்ளும், விந்து கெட்டிருக்கும். கத்திரி வெயில் மே 28 வாக்கில் முடிகிறது. அந்தச் சூட்டின் பாதிப்பு விந்தில் ஜூலைக் கடைசி வரை நீடிக்கலாம். நம் இனங்கள் வெயிலுக்குப் பழகியவை, அதனால் வெயிலைவிடக் காய்ச்சலுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நீலநாக்கு நோய் வந்து பிழைத்த கிடாவைத் தை மாதத்தில் நம்பிப் பெட்டைகளோடு சேர்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எதைச் சோதிப்பதாக இருந்தாலும் சேர்ப்பதற்கு அறுபது நாள் முன்னால் சோதித்தால்தான், தேறாத கிடாவுக்குத் தேற அவகாசமோ நமக்கு வேறு கிடா தேட அவகாசமோ கிடைக்கும்.

இந்த வசதி எல்லா ஊரிலும் கையெட்டும் தூரத்தில் இல்லை. சென்னை, நாமக்கல் போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மேச்சேரி இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அருகில் இருப்பவர்கள் போய்க் கேட்கலாம். தொலைவில் இருப்பவர்கள் மூன்று கிடாக்களை வண்டியில் ஏற்றிப் போக முடியாது. அவர்களுக்காகத்தான் அடுத்த வழியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காவி பூசி விடுவது

வெளிநாட்டு இடையர்கள் காலங்காலமாகச் செய்துவருவது. நம் பக்கம் செய்பவர்கள் குறைவு. கிடாவின் முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சில் வண்ணப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசிவிட வேண்டும். கிடா ஏறும்போது பெட்டையின் பின்முதுகில் அந்த வண்ணம் ஒட்டும். காலையில் பட்டியைத் திறக்கும்போது எந்த ஆட்டின் முதுகில் வண்ணம் இருக்கிறதோ அதன் எண்ணை நோட்டில் எழுதினால் போதும். நான் முதல் சுற்றுக்கு மஞ்சள் நிறப் பொடியும் இரண்டாம் சுற்றுக்குக் காவியும் பூசுகிறேன். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போனால்தான் இரண்டாவது வண்ணம் முதல் வண்ணத்தின் மேல் தெரியும். இரண்டு நாளைக்கு ஒருமுறை புதிதாகப் பூச வேண்டும். சுவர்ப் பெயின்ட், கழிவு எண்ணெய் இவற்றைப் பூசக் கூடாது, தோல் வெந்துவிடும்.

செம்மறி ஆடு 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. 34 ஆடுகள் இருந்தால் சராசரியாக நாளுக்கு இரண்டு முதுகில் வண்ணம் ஏற வேண்டும். 17 நாள் முடிந்ததும் நிறத்தை மாற்றிவிட்டு அடுத்த 17 நாள் கவனிக்க வேண்டும். இங்கேதான் பட்டி வாய்திறந்து பேசுகிறது. முதல் சுற்றில் பெரும்பாலான ஆடுகளுக்கு மஞ்சள் ஏறி, இரண்டாம் சுற்றில் காவி அரிதாகவே ஏறினால் கிடா நன்றாக இருக்கிறது. மஞ்சள் ஏறிய ஆடுகளிலேயே பாதிக்குமேல் மறுபடி காவி ஏறினால் அவை சினைபிடிக்கவில்லை. கிடாவின் விந்தைச் சந்தேகிக்க வேண்டும். நான்கைந்து குறிப்பிட்ட ஆடுகளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஏறினால் குறை அந்தப் பெட்டைகளிடம். முதல் சுற்றிலேயே வண்ணம் ஏறாமல் போனால் கிடாவுக்கு ஆர்வமில்லை, அல்லது பெட்டைகள் மெலிந்து பருவத்துக்கே வரவில்லை. வேறு எந்தச் சோதனையும் கிடாவையும் பெட்டையையும் இப்படிப் பிரித்துக் காட்டுவதில்லை.

இதன் குறை, கிடாவைச் சேர்த்த பிறகே தெரியும் என்பது. 34 நாள் போய்விடும். ஆனால் என் பழைய கிடாவுக்கு இதைச் செய்திருந்தால் ஆவணி பத்தாம் தேதி வாக்கிலேயே சிக்கல் தெரிந்திருக்கும். பக்கத்துப் பட்டியில் கிடாவைக் கேட்டு வாங்கிச் சேர்த்திருப்பேன். மார்கழியில் தெரிந்ததை ஆவணியில் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய லாபம் என்பது இழந்தவர்களுக்குத்தான் புரியும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கிடாக்களை ஒரே பட்டியில் விடுபவர்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம் பூசலாம். இது வீண் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பட்டியில் வலுத்த கிடா மற்றவற்றை முட்டி விலக்கிவிட்டுத் தானே பெரும்பாலான பெட்டைகளை ஏறும். வலுத்த கிடாவே அரைகுறையாக இருந்தால், பின்னால் நிற்கும் நல்ல கிடா இருந்தும் பயனில்லாமல் போகும். இரண்டு கிடா இருக்கிறது, ஒன்று போனாலும் ஒன்று பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியானது அல்ல.

ஈற்று நோட்டு

கிடாவின் பழைய கணக்கைப் பார்த்து முடிவு செய்வது மற்றொரு வழி. எத்தனை ஆடுகளோடு சேர்ந்தது, எத்தனை ஈன்றன என்பது மட்டும் போதாது. ஈன்ற நாட்கள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டரை வாரத்திலேயே குட்டிகள் திரண்டு விழுந்திருந்தால் கிடா முதல் சுற்றிலேயே சினையாக்கியிருக்கிறது. மூன்று மாதத்துக்குச் சிதறி விழுந்திருந்தால், கடைசியில் எண்ணிக்கை சரியாக வந்திருந்தாலும், ஏதோ இழுபறி. நம் சொந்தக் கிடாவுக்கு இது நல்ல அளவுகோல். சந்தையில் வாங்கும் கிடாவுக்கு நோட்டு எங்கே கிடைக்கும்? விற்பவர் வாய்ச்சொல்தான். அதனால் இப்போது நான் கிடாவைச் சந்தையில் வாங்குவதில்லை. அதன் குட்டிகள் ஓடும் பட்டிக்கே போய் வாங்குகிறேன்.

போன ஆண்டு நன்றாக இருந்தது என்பது இந்த ஆண்டுக்குச் சாட்சி ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் வந்த ஒரு காய்ச்சல் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்க நான் விரும்பவில்லை. புருசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோய்க்கான சோதனை அது. வெளியிலிருந்து வரும் எந்தக் கிடாவுக்கும் அதைச் செய்தே ஆக வேண்டும். அந்தக் கிருமி விதையிலும் குமிழிலும் தங்கும், பட்டி முழுவதும் பரவும். அதைவிட, ஆட்டைத் தொட்டுப் பிரசவம் பார்க்கும் நம் வீட்டாருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் கொடுக்கும். இதில் செலவைக் கணக்குப் பார்க்கவே கூடாது.

யாருக்கு எது

ஒரே கிடாவை நம்பி 25 ஆடுகளுக்கு மேல் வைத்திருப்பவர், அல்லது பெரிய விலை கொடுத்துக் கிடா வாங்குபவர், கைச் சோதனையோடு விந்துப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அவருக்கு மாற்று இல்லை. ஒன்று தவறினால் எல்லாம் தவறும். வண்டி வாடகையும் ஒருநாள் அலைச்சலும் ஒரு ஈற்று இழப்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தன் பட்டியிலேயே பிறந்து வளர்ந்த கிடாவை வைத்திருப்பவருக்குக் கையும் நாடாவும் காவியும் போதும். நூற்றுக்கணக்கில் மந்தை வைத்துக் கிடைபோடுபவர்கள் பல கிடாக்களை விடுகிறார்கள். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் விந்துச் சோதனை செய்ய முடியாது. கையால் தடவிக் கழிக்க வேண்டியதைக் கழித்தாலே பாதிக் கிணறு தாண்டியது போல என்று சொல்ல மாட்டேன், முக்கால் கிணறு என்றே சொல்வேன். மிச்சக் கால் கிணற்றை வலுத்த கிடாவைக் கண்காணித்துத் தாண்ட வேண்டும்.

வெள்ளாடு வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. கொம்பில்லாத கிடாவுக்குக் கொம்பில்லாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. வெள்ளாட்டில் கொம்பின்மையைத் தரும் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் பெட்டைக்குட்டிகள் ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத மலடாகப் பிறக்கின்றன. ஆண்களிலும் சிலவற்றுக்கு விந்துவழி அடைபடுகிறது. கொம்புள்ள கிடாவைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலையே இல்லை. கன்னி ஆடு, கொடி ஆடு வைத்திருப்பவர்கள் கொம்பைப் பார்த்து வாங்கலாம். செம்மறிக்கு இது பொருந்தாது. மேச்சேரியில் கிடாவும் பெட்டையும் கொம்பற்றவையே, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வெள்ளாட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு மேச்சேரிக் கிடாவைச் சந்தேகிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் பிரித்துச் சொல்கிறேன்.

மாடு வளர்ப்பவர்கள் பலர் சினை ஊசிக்கு, அதாவது செயற்கைக் கருவூட்டலுக்கு, மாறிவிட்டதால் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் விடுபட்டுவிட்டார்கள். உறைவிந்துக் குச்சியில் அடைக்கும் முன் ஒவ்வொரு காளையின் விந்தையும் நிலையத்திலேயே சோதித்துவிடுகிறார்கள். குச்சிக்கு 2 கோடி விந்தணு இருக்க வேண்டும், உருக்கியபின் பாதியாவது நீந்த வேண்டும் என்பது நம் நாட்டு விதி. செம்மறியில் அந்த வழி எளிதாக இல்லை. பெட்டை ஆட்டின் கருப்பை வாய் வளைந்து மடிந்து கிடப்பதால் ஊசி உள்ளே போவதில்லை, உறைவிந்து வாயிலில் விட்டால் சினைபிடிப்பதும் குறைவு. ஆகவே நமக்குக் கிடாதான். காங்கேயம், புலிக்குளம் போன்ற இனங்களில் பொலிகாளையைக் கொண்டே சேர்ப்பவர்களுக்கும் மேலே சொன்ன கைச் சோதனை அப்படியே பொருந்தும்; காளையைத் தொழுவத்தில் இறுகக் கட்டிவிட்டு, மருத்துவர் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த ஆண்டு வைகாசி முதல் வாரத்திலேயே இரண்டு கிடாக்களையும் பிடித்துப் பார்த்துவிட்டேன். ஆறு பல் கிடாவுக்கு விதையும் குமிழும் சீராக இருக்கின்றன, ஆனால் சுற்றளவு போன ஆண்டைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. நோட்டைப் புரட்டினேன். சித்திரை மூன்றாம் வாரத்தில் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தது என்று என் மகள் எழுதியிருந்தாள். அதை ஆனி கடைசியில் மறுபடி அளந்து, விந்தையும் பார்த்த பிறகே சேர்ப்பேன். அதுவரை நான்கு பல் கிடாவுக்கு நெஞ்சில் மஞ்சள் பூசி, இருபது ஆடுகளைப் பிரித்துக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். மஞ்சள் பொடியும் காவிப் பொடியும் வாங்கியாயிற்று. பட்டிக்குக் குறுக்கே தட்டி கட்டும் வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது.